ஆற்றோரத் துண்டு நிலம்: தாத்தாவின் வரைபடம் எதற்குச் சாட்சி?

கரூர் மாவட்டத்தில் அமராவதிக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரத்தை, பெயர், ஊர், புல எண்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டு, கீழே தருகிறேன்.

அவருடைய குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் சொச்சம் பட்டா நிலம் உண்டு. அதற்கும் ஆற்றுக்கும் இடையில், ஏறத்தாழ 160 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக, ஒரு ஏக்கர் இருபது சென்ட் அளவில் ஒரு துண்டு இருக்கிறது. தாத்தா காலத்தில் அதில் சோளம் விதைத்தார்கள்; இப்போது தென்னை நிற்கிறது. அந்தத் துண்டு ஆற்றுப் புறம்போக்கு என்றும், அதிலிருந்து ஏன் வெளியேற்றக்கூடாது என்று விளக்கம் அளிக்க வேண்டும் என்றும் வட்டாட்சியரிடமிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தாவின் பெட்டியில், துணியில் ஒட்டி மடித்த இந்திய நில அளவைத் துறையின் ஓர் அங்குல வரைபடத் தாள் ஒன்று அகப்பட்டது. பதிப்பு ஆண்டு 1956. அதில் ஊர்க் கோயிலுக்கும் ஆற்றுக்கும் இடையே 4 மில்லிமீட்டர், அதாவது 250 மீட்டருக்குச் சற்று மேல். இன்று நாடா பிடித்து அளந்தால் 220 மீட்டர்தான். ஆகவே அன்று ஆறு இன்னும் 30 மீட்டர் தள்ளி ஓடியது, இந்தத் துண்டு ஒருநாளும் ஆறாக இருந்ததில்லை என்பது அவருடைய வாதம். தவிர, வரைபடத்தில் அந்தப் பகுதி மஞ்சளாக இருப்பதால் அது பட்டா நிலமே என்கிறார். பி-மெமோ என்ற வருவாய்த் துறை அறிவிப்பின்படி பணம் கட்டிய பழைய ரசீதுகளும் கைவசம் உள்ளன. தம்பி அந்தத் தாளைப் படம் எடுத்துக் கைபேசியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்த்து, ஆறு வெகுதூரம் நகர்ந்துவிட்டது என்கிறார். நேரே மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டுவிடலாம் என்பதும் அவர் யோசனை. "அரசாங்கமே அச்சடித்த வரைபடத்தை அரசாங்கமே மறுக்க முடியுமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அரசின் அதிகாரத்தின்கீழ் தயாரித்த வரைபடத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும். அது துல்லியமானது என்று அனுமானித்துக்கொள்ளவும் செய்யும். 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 36, 83 ஆகிய பிரிவுகள் இதைக் கூறின, 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் அந்த அனுமானம், வரைபடம் எதைக் காட்டுவதற்காக வரையப்பட்டதோ அதற்கு மட்டுமே பொருந்தும். எதிர்த்தரப்பு வேறு சான்று காட்டி அதை முறியடிக்கவும் முடியும். ஓர் அங்குலத் தாள் ஆறு, குன்று, ஏரி, சாலை, ஊர் ஆகியவை எங்கெங்கே கிடக்கின்றன என்பதைக் காட்ட வரையப்பட்டது. அதில் புல எண் கிடையாது, பட்டாதாரர் பெயர் கிடையாது, வயல் வரப்பு கிடையாது. எனவே நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை தேட முடியாது.

ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு ஏக்கர்

உங்கள் தாளின் தலைப்பில் உள்ள "58 எஃப்" என்ற குறியீடு, கிழக்கு 77 முதல் 78 பாகை வரையிலும் வடக்கு 10 முதல் 11 பாகை வரையிலும் உள்ள நிலப்பரப்பைக் குறிக்கிறது. அதைப் பதினாறாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் அச்சிட்டார்கள். ஒரு தாளில் ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர் அடங்கிவிடுகிறது. அளவை, ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். அதாவது 63,360 இல் ஒரு பங்கு. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டருக்கும் சற்று அதிகம். ஒரு ஏக்கரைச் சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு ஏறத்தாழ 63.6 மீட்டர் வரும். எனவே உங்கள் தாளில் ஒரு ஏக்கர் என்பது ஒரு சதுர மில்லிமீட்டர்.

தகராறில் உள்ள துண்டின் அகலமான 30 மீட்டர் இந்தத் தாளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அச்சுக்கோட்டின் தடிமன், துணி ஒட்டும்போதும் மடிக்கும்போதும் காகிதம் இழுபட்ட அளவு, நீங்கள் அளவுகோலை வைத்த இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே இந்த அரை மில்லிமீட்டரை விழுங்கிவிடும். மேலும், கோயில் என்று நீங்கள் அளவைத் தொடங்கிய குறி ஒரு மரபுக் குறியீடு. கோயிலை அதன் உண்மை அளவில் இந்தத் தாளில் வரைந்தால் கண்ணுக்கே தெரியாது என்பதால் குறியீடுகளைப் பெரிதாக்கியே போடுவார்கள். 250க்கும் 220க்கும் உள்ள வேறுபாடு ஆறு நகர்ந்ததற்குச் சான்று என்று குறுக்கு விசாரணையில் உங்களால் நிலைநிறுத்த முடியாது.

தம்பி கைபேசியில் பொருத்திப் பார்த்ததற்கும் இதே கதிதான், இன்னும் கூடுதலாக. அக்காலத் தாள்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் பூமியின் வடிவத்தைக் குறிக்கும் பழைய கணக்கான எவரெஸ்ட் கோளவடிவத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை. கைபேசி பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு அடிப்படை. உரிய மாற்றம் செய்யாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். ஆறு மட்டுமல்ல, கோயிலும் சாலையும்கூட அதே திசையில் நகர்ந்திருப்பதுபோல் தெரிந்திருக்குமே, தம்பி கவனித்தாரா?

1956 என்பது எந்த ஆண்டு?

பதிப்பு ஆண்டையும் களத்தில் அளந்த ஆண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அனுப்பிய ஒளிப்படத்தில் தாளின் கீழ் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவை நடந்தது 1920களில். அதன்பின் சாலை முதலிய சில திருத்தங்களைச் சேர்த்து 1956 இல் மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் தாளில் உள்ள ஆறு, அமராவதி அணை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்த ஆறு. 1950களில் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அணை எழுந்தபின் வெள்ளத்தின் வேகம் தணிந்தது. வெள்ளம் வந்து அலசிக்கொண்டிருந்த மணல் ஓரங்கள் பல இடங்களில் மண்ணேறிப் பயிருக்கு இசைந்த நிலமாயின. உங்கள் தாத்தா சோளம் விதைக்கத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைக் கொண்டு ஊகிக்கிறேன். இந்த ஊகம் சரியானால் வரைபடம் உங்களுக்கு உதவுவதைவிட எதிர்த்தரப்புக்கே அதிகம் உதவும்.

அதற்கு இன்னொரு காரணமும் தாளிலேயே இருக்கிறது. கோயிலிலிருந்து நீங்கள் அளந்தது நீல நிறத்தின் விளிம்பு வரை. அந்த நீலத்துக்கும் கரைக்கோட்டுக்கும் இடையே புள்ளிகளாகத் தெரியும் பகுதி மணல், அதுவும் ஆறுதான். நில அளவைக் குழுக்கள் மழைக்காலம் ஓய்ந்தபிறகு களத்தில் இறங்குவது வழக்கமாதலால், அவர்கள் கண்ட நீரோட்டம் ஒடுங்கியதாகவும் மணல் அகன்றதாகவும் இருப்பது இயல்பு. கோடையில் நீர் ஓடாத மணலும் ஆற்றுப்படுகையே என்பதில் சட்டத்துக்கு ஐயம் இல்லை. ஆறுகள், ஓடைகள் ஆகியவற்றின் படுகைகள் அரசின் சொத்து என்று 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தன் 2 ஆம் பிரிவிலேயே அறிவிக்கிறது. இந்தத் தாளை நீங்களாக ஆவணமாகத் தாக்கல் செய்துவிட்டால், பிறகு அந்தப் புள்ளிகளைக் காட்டி அரசு வழக்கறிஞர் கேள்வி கேட்பதைத் தடுக்க இயலாது. ஆகவே பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பகுதியை நன்கு பார்த்து, ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிய பிறகே அதைப் பயன்படுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.

மஞ்சள் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது சாகுபடிப் பரப்பைக் குறிக்கும் நிறம். பட்டா நிலத்தில் பயிர் செய்தாலும் புறம்போக்கில் பயிர் செய்தாலும் மஞ்சள் ஒன்றே.

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன செய்தி

கடிதத்தின் நடுவில், "அந்தக் காலத்தில் துண்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியதாக அப்பா சொல்வார், இப்போது தூர்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கில் உயிருள்ள செய்தி இதுவே என்று நான் கருதுகிறேன். அமராவதியில் அணைக்கட்டுகளிலிருந்து பிரிந்து ஆற்றை ஒட்டியே செல்லும் பழைய ராஜவாய்க்கால்கள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட ஒரு வாய்க்கால் ஆற்றுக்கும் உங்கள் துண்டுக்கும் இடையே ஓடியிருந்தால், வாய்க்காலுக்கு இப்பால் உள்ள நிலத்தை ஆற்றுப்படுகை என்று சொல்வது அரசுக்கு எளிதல்ல. படுகைக்குள் பாசன வாய்க்கால் வெட்டி வெள்ளத்துக்குப் பலிகொடுக்க எவரும் முனைவதில்லை.

இத்தகைய கேள்விக்கு ஓர் அங்குலத் தாள் நல்ல சாட்சி. எவ்வளவு தூரம் என்ற கேள்வியில் அது தடுமாறும். எது எதற்கு இப்பால், எது எதற்கு அப்பால் என்ற வரிசையில் அது பெரும்பாலும் தவறுவதில்லை. களத்தில் நடந்த அளவையாளர் ஆற்றைக் கடந்து வாய்க்காலைக் கடந்து வயலுக்கு வந்திருந்தால், அதே வரிசையில்தான் வரைந்திருப்பார். நீங்கள் அனுப்பிய ஒளிப்படத்தில் ஆற்றுக்கு இணையாக மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிகிறது. ஆனால் அது சரியாக மடிப்பின் மேல் விழுவதால் வாய்க்காலா, ஆற்றின் கிளையோட்டமா என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. சென்னையில் உள்ள இந்திய நில அளவைத் துறை அலுவலகத்தில் அதே தாளின் நகல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மடிப்பு விழாத நகல் கிடைத்தால் ஐயம் தீரும்.

அப்போதும் வரைபடம் தனித்து நிற்காது. வாய்க்கால் ஆற்றுக்கு வெளியே ஓடியது என்பதை மட்டுமே அது சொல்லும். உங்கள் துண்டு அந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்பதை எஃப்.எம்.பி. என்று அலுவலகங்களில் வழங்கும் புலப்படம்தான் சொல்ல வேண்டும். புலப்படம் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு போன்ற பெரிய அளவையில் வரையப்படுவது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோதான். எல்லைத் தகராறுகளில் நீதிமன்றம் முதலில் கேட்பதும் அதைத்தான். வாய்க்காலுக்கு இப்பால் என்று நிறுவப்பட்டாலும், அந்தத் துண்டு வாய்க்கால் புறம்போக்காகப் பதிவாகியிருக்க இடம் உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன். அப்படியானால் உங்கள் நிலை பெரிதாக மேம்படாது.

பி-மெமோ ரசீதுகள்

இந்த ரசீதுகளை உரிமைப் பத்திரம்போலப் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். நிலைமை நேர்மாறானது. அரசு நிலத்தை அனுமதியின்றி அனுபவிப்பவரிடம் ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வசூலிக்கும் தொகைக்கான அறிவிப்பே பி-மெமோ. அதைக் கட்டியவர், நிலம் அரசுடையது என்பதை ஒப்புக்கொண்டவராகவே கருதப்படுவார். நீண்டகால அனுபவத்தைக் காட்டுவதற்கு அது உதவலாம். ஆனால் எதிரிடை அனுபவத்தால் உரிமை அடைந்தோம் என்று வாதாட நினைத்தால், அரசுக்கு எதிராக 30 ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதோடு, அந்த அனுபவம் உரிமையாளரின் உரிமையை வெளிப்படையாக மறுத்ததாகவும் இருக்க வேண்டும். கையில் பி-மெமோ ரசீதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நிறுவுவது கடினம். நீர்நிலைகளைப் பொறுத்தவரை சென்னை உயர் நீதிமன்றம் 2005 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலும் அதன்பின் முழு அமர்வின் 2015 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் கடுமையான நிலையை எடுத்திருப்பதால், ஓடை, ஆறு, ஏரி என்று பதிவாகியுள்ள நிலத்தில் இந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில், அறிவிப்பில் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் பதில் கொடுங்கள். பதில் தராமல் இருந்தால், ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்கீழ் வெளியேற்றும் உத்தரவு பிறப்பிப்பதற்குத் தடை ஏதும் இராது. அந்தப் பிரிவின்படி நிற்கும் பயிரும் பறிமுதலுக்கு உள்ளாகலாம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பதாக எழுதியிருப்பதால், சட்டப்படியான வாரிசுகள் அனைவரின் பெயரிலும் பதில் போகட்டும்; வாரிசுச் சான்றை இணையுங்கள். பதிலில் வரைபடத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். துண்டின் எல்லை தகராறில் உள்ளது, எங்கள் முன்னிலையிலும் நீர்வளத் துறை முன்னிலையிலும் வட்ட நில அளவர் கூட்டாக அளந்து எல்லைக்கல் காட்ட வேண்டும், அதுவரை நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்பது போதும்.

அதே நாட்களில் பதிவேடுகளைத் திரட்டுங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேடும் (புல எண்வாரியாக நிலத்தின் வகையையும் பரப்பையும் காட்டுவது) புலப்படமும் ஒருபுறம். அதற்குப் பிந்தையவை மறுபுறம். பழைய, புதிய புல எண்களை ஒப்பிடும் பதிவேடு இரண்டுக்கும் நடுவே. உங்கள் புலத்துக்கு மட்டுமல்லாமல் ஆற்றின் புல எண்ணுக்கும் புலப்படம் கேளுங்கள். பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். வட்ட அலுவலகத்தில் பழைய பதிவேடு இல்லை என்றால், சென்னை சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்திலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப்போட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தாத்தா கணக்குப்பிள்ளை என்பதால் பெட்டியில் பழைய அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல்களும் இருக்கக்கூடும். 1980 இல் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் காகிதமும் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டுவிடவில்லை. உங்கள் ஊர் ஒருகாலத்தில் ஜமீன் கிராமமாக இருந்திருந்தால் 1948 ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய நிலவரித்திட்டப் பதிவேடே உங்கள் முதல் ஆவணம்.

இந்த ஒப்பீட்டில் இரண்டு முடிவுகளில் ஒன்று வரும். யு.டி.ஆர். காலத்தில்தான் உங்கள் பட்டாவிலிருந்து அந்தத் துண்டு வெட்டி ஆற்றோடு சேர்க்கப்பட்டது என்று தெரிந்தால், திருத்தம் கோரி வருவாய்க் கோட்டாட்சியரையோ மாவட்ட வருவாய் அலுவலரையோ அணுகலாம். அங்கு பயனில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம். அரசுக்கு எதிரான வழக்கு என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அவசரமானால் நீதிமன்ற அனுமதியுடன் அதைத் தவிர்க்கலாம். 1923 ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அளவை முடிவை எதிர்க்க மூன்றாண்டு கெடு விதிக்கிறது என்ற தடையை அரசுத் தரப்பு நிச்சயம் எழுப்பும். அதற்கு விடையோடு போக வேண்டும். வழக்கு வந்தால் நில அளவர் உதவியுடன் களத்தைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோருங்கள். வாய்க்கால் பற்றிய உங்கள் வரைபடத்தைப் புலப்படத்தோடு சேர்த்து வைத்துக் களத்திலேயே ஒப்பிட்டுக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

மாறாக, தொடக்க காலப் பதிவேட்டிலிருந்தே அது ஆறு என்றிருந்தால், வழக்காடிக் காலத்தையும் பணத்தையும் செலவிட வேண்டாம். ஆற்றுப் புறம்போக்கு ஆட்சேபகரமான புறம்போக்கு என்ற வகையில் அடங்குவதால் அதை உங்கள் பெயருக்கு ஒப்படை செய்து பட்டா தரக் கேட்பதும் வீண். ஆறு ஒதுங்கியதால் சேர்ந்த மண் கரையோர உடைமையாளருக்கே என்ற பழைய கோட்பாட்டை யாராவது சொல்லி ஆசை காட்டக்கூடும்; ரயத்துவாரிப் பட்டா, அதாவது விவசாயி அரசிடம் நேரடியாகப் பெறும் பட்டா, என்பது அளந்து எல்லை குறித்த பரப்புக்கு உரியது என்பதால் அது இங்கே எளிதில் பொருந்தாது. காய்ப்பை இறக்கவும் மோட்டாரையும் குழாயையும் அகற்றவும் கால அவகாசம் கேளுங்கள். சண்டையில்லாமல் எழுத்தில் கேட்பவருக்கு அது கிடைப்பதுண்டு.

ரிட் மனுவைப் பொறுத்தவரை, உங்கள் விளக்கத்தைக் கேட்காமலே இடிக்கவோ வெட்டவோ வந்தால் மதுரைக் கிளையை நாடலாம். நிலம் ஆறா வயலா என்ற உண்மைத் தகராறை ரிட் மனுவில் தீர்ப்பளிக்கமாட்டார்கள். மனுவைத் தாக்கல் செய்தாலும் வட்டாட்சியரிடம் விளக்கம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கும்.

கடைசியாக, மூலத் தாளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரோ நில அளவரோ பார்க்க விரும்பினால் அவர்கள் முன் விரித்துக் காட்டுங்கள், வண்ண நகல் கொடுங்கள். பேனாவால் உங்கள் நிலத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறீர்கள் என்பது ஒளிப்படத்தில் தெரிகிறது. அதை அழிக்க முயல வேண்டாம், புதிதாக எதுவும் எழுதவும் வேண்டாம். பிளாஸ்டிக் உறை ஒட்டி லேமினேஷன் செய்துவிடாதீர்கள். மடிப்பில்லாமல் சுருட்டி வைத்து, வழக்கு என்று வந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள்.